அருகருகே வைக்கவும்

இரண்டையும் அருகருகே வைக்கவும் என்கிறது திரை.
வைத்தேன்.
சின்ன மேசை. ரொட்டித் தட்டை எடுத்து
அடுப்புத் திண்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பழையதன் வலது மூலையில் ஒரு விரிசல்,
அதிலிருந்து கீழ்வரை பச்சைக் கோடு.
நான்கு வருடமாக எல்லா முகங்களையும்
அந்தக் கோட்டோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறேன்.
தங்கை மகன் இனிமேல்
காதோரம் பச்சை இல்லாமல்
யார் வீட்டுப் பிள்ளையோ போல இருப்பான்.

மீதம் ஐம்பத்திரண்டு நிமிடம் என்றது.
தேநீரோடு திரும்பி வந்தால்
ஒரு மணி பத்து நிமிடம் என்கிறது.
தவணை கேட்கப் போனவனிடம்
நாள் சொல்கிறவன் மாதிரி
நாக்கு கூசாமல்.

நான் பொய்ப்பல் செய்கிறவள்.
அச்சு எடுப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எத்தனை கவனமாக எடுத்தாலும்
மயிரிழை மாறும்.
அந்த மயிரிழையை நாக்கு கண்டுபிடித்துவிடும்,
ராத்திரியெல்லாம் அதையே போய்ப் போய்த் தொடும்.

முதலில் எல்லாம் சாம்பல் சதுரங்களாக வந்து நின்றன.
பிறகு ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன:
பேருந்து நேரம், ரத்த அழுத்தம்,
ஒரே நாள் திறந்து பார்த்த இத்தாலியப் பாடம்.
வங்கி மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டது.
நீங்கள் ஒதீலியாதானா,
இடப்பக்கம் திரும்புங்கள், கண் சிமிட்டுங்கள்,
இன்னொரு முறை, வெளிச்சத்துக்கு வந்து.
பின்னல் மாதிரிகள் இருந்த செயலி வரவே இல்லை.
அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்களாம்.
பாதிக் கை பின்னிய ஸ்வெட்டர் ஒன்று
அலமாரியில் என்னை நம்பி இருக்கிறது.

படங்கள் பதினான்காயிரத்துச் சொச்சம்.
பாதி, பற்கள்.

எழுபத்தொரு சதவீதத்தில் தரை அசைந்தது.

வால்பரைசோவில், கோப்பை விழாதவரை
அதை யாரும் நிலநடுக்கம் என்று சொல்லமாட்டோம்.
ஆனாலும் விளக்கு ஆடியது,
தகரச் சுவர் பல்லைக் கடித்தது,
எண்ணெய்த்துணி விரித்த மேசையில்
ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று என் பக்கம்
மெல்ல வழுக்கிப் பிரிந்தன.
நிலைப்படியில் போய் நிற்க வேண்டும், அதுதான் முறை.
நான் இரண்டு கையாலும் இரண்டையும் பிடித்து
ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.
பிரிக்காதீர்கள் என்று எழுதியிருந்ததே.

எல்லாம் அடங்கி ஒன்பது விநாடி கழித்துப்
பழையது அலறியது: நிலநடுக்கம், நிலநடுக்கம்.
புதியதற்கு இன்னும் எதுவும் தெரியாது.

நலமா என்று கேட்டது.
ஆம் என்பதை அழுத்தினேன்.
'ஒதீலியா நலம்' என்று ஒரு வரி
தெமூக்கோவில் இருக்கும் அனிபலுக்குப் போய்விட்டது.
அவசரத்துக்கு யார் என்று
என்றோ கேட்டபோது கொடுத்த எண்.
கையெழுத்துப் போட்டுப் பிரிந்தபோது
சமையல் சாமான் வரை பிரித்தோம்,
இதை மாற்றவில்லை.
சோம்பல்தான். வேறொன்றும் இல்லை.

பதில் வந்தது:
யார்?

தேநீரில் ஆடை படிந்திருந்தது. ஊதிக் குடித்தேன்.
கீழே சரிவு ரயில் நின்றுவிட்டு
மறுபடி இழுக்கும் சத்தம்.

பிறகு இன்னொன்று:
ஓ. நல்லது. இங்கே மழை.

மழை என்ற சொல்லின் நடுவே பச்சைக் கோடு போயிருந்தது.

நள்ளிரவு தாண்டி நூறு சதவீதம்.
புதியதைத் திறந்து தேடினேன்.
தங்கை மகன் இருந்தான், பற்கள் இருந்தன,
அனிபலின் எண்ணும் அப்படியே வந்திருந்தது.
பிரதி எடுக்க ஆரம்பித்தபின் வந்ததால்
அந்த மழை மட்டும் இல்லை.

பழையதை இப்போது அழிக்கலாமா என்று கேட்கிறது.
அதில் ஒன்பது சதவீதம் மின்சாரம்.
வீட்டில் இருப்பது ஒரே ஒரு செருகி.

ரொட்டித் தட்டைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தேன்.